வானத்தில் ஏன் இத்தனை அமைதி? – வாசகர் கேள்வி பதில்

சென்ற இதழில், மலேசியா பெயர் சூட்டிய ஒரு விண்மீனைப் பற்றிச் சிறு குறிப்பு வெளியிட்டிருந்தோம். 2019-ஆம் ஆண்டில் அனைத்துலக வானியல் ஒன்றியம் ஒவ்வொரு நாட்டுக்கும் ஒரு விண்மீனையும் அதைச் சுற்றும் ஒரு கோளையும் ஒதுக்கிப் பெயர் வைக்கச் சொன்னபோது, நம் நாடு எச்டி 20868 என்ற விண்மீனுக்கு இந்தான் என்றும் அதன் கோளுக்குப் பைடூரி என்றும் பெயரிட்டது. அதைப் படித்துவிட்டு வாசகர்கள் எழுதிய கடிதங்களில் பெரும்பாலானவை ஒரே விஷயத்தைக் கேட்டதால், இம்மாதப் பகுதி முழுவதையும் அதற்கே ஒதுக்கியிருக்கிறோம்.

கேள்வி: பால்வீதியில் கோடானுகோடி விண்மீன்கள் இருக்கின்றன, அவற்றுள் பெரும்பாலானவற்றுக்குக் கோள்களும் இருக்கின்றன என்கிறார்கள். அப்படியானால் நம்மைப் போலவோ நம்மைவிட மேலாகவோ அறிவு படைத்தவர்கள் எங்காவது இருந்தாக வேண்டும். அவர்களில் ஒருவர்கூட இங்கு வராததும், ஒரு செய்திகூட அனுப்பாததும் ஏன்? – வாசகர், ஆயர் ஈத்தாம், பினாங்கு

பதில்: ஐயா, 1950-ஆம் ஆண்டு அமெரிக்காவின் லாஸ் அலமோஸ் ஆய்வுக்கூடத்தில் மதிய உணவு உண்டுகொண்டிருந்தபோது இயற்பியலறிஞர் என்ரிக்கோ ஃபெர்மி கேட்டதும் இதே கேள்விதான். எட்வர்ட் டெல்லர், எமில் கோனோபின்ஸ்கி, ஹெர்பர்ட் யார்க் ஆகிய மூவரும் உடன் அமர்ந்திருந்தார்கள். பேச்சு வேறு விஷயங்களுக்குத் திரும்பிவிட்ட பிறகு, ஃபெர்மி திடீரென்று ‘எல்லாரும் எங்கே?’ என்று கேட்டதாகவும், யாரைப் பற்றிக் கேட்கிறார் என்பது விளக்காமலே மற்றவர்களுக்குப் புரிந்துவிட்டதாகவும் பின்னாளில் அவர்கள் நினைவுகூர்ந்தார்கள்.

அந்தக் கேள்வியின் வலிமை கணக்கில் இருக்கிறது. பால்வீதியின் குறுக்களவு ஏறத்தாழ 1 லட்சம் ஒளியாண்டு (ஒளியாண்டு என்பது ஒளி ஓராண்டில் கடக்கும் தொலைவு). ஒளியின் வேகத்தில் பத்தில் ஒரு பங்கு வேகத்தில் செல்லும் கலம் அதை 10 லட்சம் ஆண்டுகளில் கடந்துவிடும். வழியில் உள்ள விண்மீன்களில் தங்கி, குடியேறி, புதுக் கலம் கட்டி, மறுபடி புறப்படுவதற்காக இன்னும் பல மடங்கு காலத்தைச் சேர்த்துக்கொண்டாலும், சில கோடி ஆண்டுகளில் பால்வீதி முழுவதும் பரவிவிடலாம். பால்வீதியின் வயதோ ஏறத்தாழ 1,300 கோடி ஆண்டு. நமக்கு முன்பே தோன்றிய ஏதேனும் ஓர் இனம் இந்த முயற்சியை விடாமல் செய்திருந்தால், அவர்களோ அவர்கள் அனுப்பிய இயந்திரங்களோ எப்போதோ இங்கு வந்து சேர்ந்திருக்க வேண்டும். 1975-இல் இந்த வாதத்தை முறையாக எழுதிய வானியற்பியலாளர் மைக்கேல் ஹார்ட், அவர்கள் இங்கே இல்லாததால் எங்குமே இல்லை என்ற முடிவுக்கு வந்தார். அண்டத்தில் அறிவுள்ள உயிர்கள் நிறைந்திருக்கின்றன என்று நம்ப விரும்புகிறவர்கள் முதலில் ஹார்ட்டுக்குப் பதில் சொல்லியாக வேண்டும் என்பதே என் எண்ணம்.

முதலில் தொலைவைப் பார்ப்போம். மனிதன் செய்த பொருள்களில் மிக அதிகத் தொலைவு சென்றிருப்பது 1977-இல் ஏவப்பட்ட வாயேஜர் 1. அது விநாடிக்கு ஏறத்தாழ 17 கிலோமீட்டர் வேகத்தில் செல்கிறது. அந்த வேகத்தில் கோலாலம்பூரிலிருந்து நேர்கோட்டில் பினாங்கு வந்துசேர 20 விநாடிகூட வேண்டியதில்லை. ஆனால் சூரியனுக்கு மிக அருகில் உள்ள விண்மீனான புராக்சிமா சென்டாரியின் தொலைவாகிய 4.24 ஒளியாண்டைக் கடக்க அதற்கு ஏறத்தாழ 74,000 ஆண்டுகள் ஆகும். பேராக் மாநிலத்தின் லெங்கோங் பள்ளத்தாக்கில், கோத்தா தம்பான் என்னுமிடத்தில், பழங்கால மனிதர்கள் ஆற்றுக் கூழாங்கற்களை உடைத்துக் கருவிகள் செய்த பட்டறை ஒன்றை அகழ்ந்து எடுத்திருக்கிறார்கள். சுமத்ராவின் தோபா எரிமலை ஏறத்தாழ 74,000 ஆண்டுகளுக்கு முன் வெடித்தபோது பறந்துவந்த சாம்பல் அங்கே படிந்திருக்கிறது. அந்தச் சாம்பல் விழுந்த நாளில் ஒரு வாயேஜர் புறப்பட்டிருந்தால், இன்றைக்குத்தான் அது பக்கத்து விண்மீனின் தொலைவைத் தொட்டிருக்கும். ஹார்ட்டின் கணக்குக்கு அதைவிட 1,700 மடங்குக்கும் அதிகமான வேகம் வேண்டும். ஆயினும் தொலைவு பயணத்தைக் கடினமாக்குகிறதே தவிர, இயலாததாக்கவில்லை. பொறுமையாகச் செல்லும் இயந்திரங்களுக்கு அவசரம் எதுவும் இல்லை என்பதால், தொலைவை மட்டும் காரணம் காட்டி இந்த வழக்கை முடித்துவிட முடியாது.

அடுத்தது உயிரின் தோற்றம். இங்கேதான் விஷயம் ஆழமாகிறது. கோள்களுக்குப் பஞ்சமில்லை, மிஷெல் மேயரும் டிடியே கெலோவும் 1995-இல் சூரியனை ஒத்த ஒரு விண்மீனைச் சுற்றும் கோளை முதன்முதலில் அறிவித்தது முதல் இன்றுவரை ஏறத்தாழ 6,000 புறக்கோள்கள், அதாவது வேறு விண்மீன்களைச் சுற்றும் கோள்கள், உறுதிசெய்யப்பட்டிருக்கின்றன. ஆனால் கோள் இருப்பது வேறு, குடியிருக்க இடம் இருப்பது வேறு. நம் பைடூரியையே எடுத்துக்கொள்ளுங்கள். வியாழனைவிட நிறை மிகுந்த அந்தக் கோள், ஏறத்தாழ 380 நாளுக்கு ஒருமுறை இந்தானைச் சுற்றிவருகிறது. ஆண்டுக்கணக்கைக் கேட்டால் பூமியின் நினைவு வரும். ஆனால் அதன் பாதை மிகவும் நீண்டு ஒடுங்கியது. சூரியனிலிருந்து புதன் இருக்கும் தொலைவைவிடவும் நெருங்கித் தன் விண்மீனிடம் சென்று, பிறகு செவ்வாயின் தொலைவுக்கு விலகிப் போகிறது. அத்தகைய வெப்பமும் குளிரும் மாறி மாறி வரும் இடத்தில் கடல் ஒன்று அமைதியாகக் கிடந்து உயிரை வளர்த்தெடுக்கும் என்று எதிர்பார்ப்பதற்கில்லை.

தகுந்த கோள் கிடைத்தாலும் உயிர் அறிவுவரை ஏறிவருவது நிச்சயமில்லை. பூமி தோன்றி ஏறத்தாழ 454 கோடி ஆண்டுகள் ஆகின்றன. குறைந்தது 350 கோடி ஆண்டுகளாக இங்கே உயிர் இருக்கிறது. ஆனால் அந்தக் காலத்தில் பாதியளவுக்கு, உட்கரு இல்லாத எளிய நுண்ணுயிர்களைத் தவிர வேறெதுவும் இருந்ததற்குத் தெளிவான சான்று இல்லை. பிறகு ஒரு செல் இன்னொரு செல்லை உள்வாங்கி, அதைச் செரித்துவிடாமல் தன்னுள்ளேயே வாழவிட்டது. உள்ளே தங்கியதே நம் செல்களுக்கு ஆற்றல் தரும் மைட்டோகாண்ட்ரியா ஆயிற்று. கிடைத்திருக்கும் சான்றுகளின்படி, இந்தக் கூட்டு நிலைத்து நின்று பெருகியது பூமியின் வரலாற்றில் ஒரே ஒரு முறைதான். பாலிக் பூலாவ் தோட்டத்தில் நிற்கும் ஜாதிக்காய் மரமும், அதன் பட்டையில் படரும் பூஞ்சையும், அதன் காயைப் பறிக்கிற மனிதரும் அந்த ஒரே சந்திப்பின் வழித்தோன்றல்கள். முதலில் வென்ற இனம் பின்னால் வந்தவற்றுக்கு இடம்விடாமல் செய்திருக்கலாம் என்று இதற்கு மறுப்புச் சொல்வார்கள். அதற்கும் நியாயம் உண்டு. ஆனாலும் இவ்வளவு காலம் இத்தனை கடல்களில் எண்ணிலடங்கா நுண்ணுயிர்கள் வாழ்ந்தும் ஒருமுறை மட்டுமே நடந்த நிகழ்ச்சியை, ஒவ்வொரு கோளிலும் தவறாமல் நடக்கும் என்று எண்ணிக்கொள்ள எனக்கு மனம் வரவில்லை.

அதற்குப் பிறகும் படிகள் உண்டு. கணவாய் இனத்தைச் சேர்ந்த ஆக்டோபஸ் மூடியைத் திறந்து இரையை எடுக்கும் அளவுக்கு அறிவுள்ளது. ஆனால் நீருக்குள் நெருப்பு மூட்ட முடியாது, நெருப்பின்றி உலோகம் உருக்க முடியாது, உலோகமின்றி வானொலி இல்லை. வியாழனின் துணைக்கோளான யூரோப்பாவிலும் சனியின் துணைக்கோளான என்சலடஸிலும் பனிப்பாறைக்கு அடியில் கடல் இருக்கிறது. அங்கே சிந்திக்கும் உயிர்கள் இருந்தால்கூட, அவற்றின் தலைக்கு மேல் பல கிலோமீட்டர் கனத்தில் பனி மூடியிருப்பதால், விண்மீன் என்று ஒன்று உண்டு என்பதையே அவை அறியமாட்டா.

என்னைக் கேட்டால், இவை எல்லாவற்றையும்விட முதன்மையான காரணம் காலம். ஒரு கணக்கைப் பாருங்கள். இது என் அனுமானமே தவிர அளந்த எண் அல்ல. பால்வீதியில் 1 லட்சம் ஆண்டுக்கு ஒரு நாகரிகம் வீதம் வானொலியைக் கண்டறிகிறது என்றும், ஒவ்வொன்றும் 10,000 ஆண்டு நீடிக்கிறது என்றும் வைத்துக்கொள்வோம். 1,000 கோடி ஆண்டுகளில் 1 லட்சம் நாகரிகங்கள் தோன்றியிருக்கும். கேட்பதற்கு அது பெரிய கூட்டம். ஆனால் அவை அனைத்தின் ஆயுளையும் கூட்டினால் 100 கோடி ஆண்டுதான் வரும். அதாவது, பால்வீதியின் வரலாற்றில் எந்த நாளைத் தொட்டாலும், அந்த நாளில் ஒருவராவது உயிரோடு இருப்பதற்கு ஏறத்தாழ பத்தில் ஒரு வாய்ப்புத்தான். இருவர் ஒரே காலத்தில் இருப்பது அதனினும் அரிது. 1 லட்சம் நாகரிகங்கள் பிறந்து மறைந்த பால்வீதியிலும், ஏறக்குறைய ஒவ்வொன்றும் தான் மட்டுமே இருப்பதாக எண்ணி வாழ்ந்து முடிந்திருக்கும். நாமோ வானொலி அலையைக் கையாளத் தொடங்கி 150 ஆண்டுகூட ஆகவில்லை. அதற்குள் நம்மையே அழித்துக்கொள்ளும் ஆயுதத்தையும் செய்துவிட்டோம்.

ஹார்ட்டுக்கும் என் பதில் இதுதான். அவருடைய வாதத்துக்கு, ஒரே நோக்கத்தைக் கோடி ஆண்டுக்கணக்கில் கைவிடாத ஓர் இனம் தேவைப்படுகிறது. மனித இனத்தின் வயதே ஏறத்தாழ 3 லட்சம் ஆண்டு. அப்படியே யாராவது 30 கோடி ஆண்டுகளுக்கு முன் இங்கு வந்து தங்கிப் போயிருந்தாலும் நமக்கு அடையாளம் மிஞ்சியிருக்காது. பூமியின் கடற்படுகை ஓயாமல் உள்ளிழுக்கப்பட்டுப் புதுப்பிக்கப்படுவதால், அதில் 20 கோடி ஆண்டுக்கு மேற்பட்ட பகுதியைக் காண்பதே அரிது. ஆகவே நுண்ணுயிர்கள் பல இடங்களில் இருக்கலாம், வானொலி கட்டும் அறிவு மிக அரிது, அந்த அறிவு இரண்டு இடங்களில் ஒரே காலத்தில் விழித்திருப்பது அதனினும் அரிது என்பதே நான் வந்திருக்கும் முடிவு. செவ்வாயிலோ என்சலடஸிலோ பூமியோடு தொடர்பின்றித் தனியாகத் தோன்றிய ஒரு நுண்ணுயிர் கிடைத்தால், இந்த முடிவின் முதற்பகுதி உறுதிப்படும். உயிர் தோன்றுவது எளிது என்றாகிவிட்டால், இந்த அமைதிக்குக் காரணம் அதற்குப் பிந்திய படிகளில்தான் இருக்க வேண்டும் என்பதால், பிற்பகுதியைப் பற்றி நாம் இன்னும் அதிகமாகக் கவலைப்பட வேண்டியிருக்கும்.

கேள்வி: நம் வானொலி, தொலைக்காட்சி அலைகள் விண்வெளிக்குள் போய்க்கொண்டே இருக்கின்றன என்று படித்தேன். மின்னல் பண்பலையில் வரும் பாடல்களை வேறொரு கோளில் உள்ளவர்கள் கேட்க முடியுமா? – படிவம் 5 மாணவி, பட்டர்வொர்த்

பதில்: மகளே, பண்பலை அலைகள் வளிமண்டலத்தின் மேலடுக்கில் பட்டுத் திரும்பாமல் வெளியே செல்வது உண்மைதான். ஆனால் தொலைவு இரட்டித்தால் அலையின் வலிமை நான்கில் ஒரு பங்காகிவிடும். பக்கத்து விண்மீனை எட்டும்போது பாடலைப் பிரித்தெடுக்க முடியாத அளவுக்கு அது இரைச்சலில் கரைந்துவிடும். நம்மிடம் இருப்பதைப் போன்ற கருவிகள் அங்கிருந்தால் நம்முடைய எந்த அலையை எவ்வளவு தொலைவிலிருந்து கண்டுபிடிக்கலாம் என்று 2025-இல் வெளிவந்த ஓர் ஆய்வு கணக்கிட்டது. கைப்பேசிக் கோபுரங்களின் கசிவு ஏறத்தாழ 4 ஒளியாண்டு வரைதான் தெரியும். போர்ட்டோ ரிக்கோவில் இருந்த அரசிபோ தொலைநோக்கி கோள்களை ஆராய அனுப்பிய ராடார் கற்றையோ ஏறத்தாழ 12,000 ஒளியாண்டு வரை எட்டும். ஆனால் அது வானத்தில் ஊசிமுனையளவு திசையில் மட்டுமே சென்ற கற்றை, அந்தத் தொலைநோக்கியும் 2020 டிசம்பரில் இடிந்து விழுந்துவிட்டது.

உன் கேள்வியில் நம் நாட்டுக்கே உரிய ஒரு செய்தி மறைந்திருக்கிறது. மலேசியாவில் தொலைக்காட்சி ஒளிபரப்பு தொடங்கியது 1963 டிசம்பர் 28. அன்று புறப்பட்ட அலை 60 ஒளியாண்டுக்கு மேல் சென்றிருக்கிறது. 150 ஒளியாண்டுக்கு அப்பால் உள்ள இந்தானை அது 2110-ஆம் ஆண்டுக்குப் பிறகுதான் கடக்கும். பழைய அனலாக் ஒளிபரப்பில் ஆற்றலின் பெரும்பகுதி ஒரே அலைவரிசையில் குவிந்திருந்தது. இயற்கையில் அப்படி ஒன்று உண்டாவதில்லை என்பதால், தொலைவில் இருந்து தேடுகிறவர்களுக்கு அதுதான் எளிதில் அகப்படக்கூடியது. அந்த ஒளிபரப்பை நாம் 2019 அக்டோபர் 31-இல் நிறுத்திவிட்டோம். அதற்குப் பதிலாக வந்த டிஜிட்டல் அலையில் ஆற்றல் பரவலாகச் சிதறியிருப்பதால், தூரத்திலிருந்து பார்த்தால் அது வெறும் இரைச்சலைப் போலவே இருக்கும். வீட்டுக் கூரையில் உள்ள ஆஸ்ட்ரோ தட்டுக்கு வரும் அலையோ, செயற்கைக்கோளிலிருந்து பூமியை நோக்கிக் கீழே வருகிறது. இணையம் கண்ணாடி இழைக்குள் ஓடுகிறது. ஆகவே மலேசியாவின் உரத்த குரல் 56 ஆண்டுகூட நீடிக்கவில்லை. அண்டத்தில் அது 56 ஒளியாண்டுக்கும் குறைவான தடிப்புள்ள ஓர் ஓடாக விரிந்து போய்க்கொண்டிருக்கிறது. ஒரு கோளில் இருப்பவர்கள் அதைக் கேட்க வேண்டுமானால், அந்த ஓடு தங்களைக் கடக்கிற அந்த 56 ஆண்டுகளுக்குள் மிக நுட்பமான கருவியோடு நம் திசையில் காது வைத்திருக்க வேண்டும். மற்றவர்களும் நம்மைப் போலவே முன்னேற முன்னேற அமைதியாகிறார்கள் என்றால், நாம் எதையும் கேட்காததில் வியப்பில்லை.

கேள்வி: இத்தனை ஆண்டுகளாகத் தேடியும் ஒன்றும் கிடைக்கவில்லை என்றால், இல்லை என்று ஒப்புக்கொள்வதுதானே அறிவுடைமை? – வாசகர், செந்தூல், கோலாலம்பூர்

பதில்: தேடிய காலம் நீண்டது போலத் தோன்றினாலும் தேடிய இடம் மிகச் சிறியது. 1960-இல் வானியலாளர் ஃபிராங்க் டிரேக், அமெரிக்காவின் மேற்கு வர்ஜீனியாவில் உள்ள கிரீன் பேங்கில் 26 மீட்டர் வானொலித் தொலைநோக்கித் தட்டு ஒன்றை டௌ செட்டி, எப்சிலான் எரிடானி என்ற இரண்டே விண்மீன்களை நோக்கித் திருப்பியதிலிருந்து இந்த முயற்சி தொடங்குகிறது. ஹைட்ரஜன் அணு இயல்பாகவே வெளியிடும் 1,420 மெகாஹெர்ட்ஸ் அலையை அவர் தேர்ந்தெடுத்தார்; எந்த உலகத்து அறிவியலாளருக்கும் அது தெரிந்திருக்கும் என்பது காரணம். அதன்பின் 1977 ஆகஸ்ட் 15 அன்று ஒஹாயோவில் 72 விநாடி நீடித்த ஒரு வலுவான சமிக்ஞை பதிவானது. பலமுறை அதே திசையில் தேடியும் அது திரும்ப வரவில்லை. 2015-இல் 10 கோடி டாலர் நிதியோடு தொடங்கப்பட்ட பிரேக்த்ரூ லிசன் திட்டம் இதுவரை இல்லாத அளவுக்குப் பெரிய தேடலை நடத்திவருகிறது.

ஆனால் தேடலுக்குத் திசை, அலைவரிசை, நேரம், வலிமை, அலையின் வகை என்று பல பரிமாணங்கள் உண்டு. ஒரு விண்மீனைச் சரியான அலைவரிசையில், அவர்கள் பேசாத நேரத்தில் கேட்டால் பயனில்லை. இவை அனைத்தையும் சேர்த்து, பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2018-இல் கணக்கிட்டார்கள். பூமியின் கடல்நீர் முழுவதும் தேடப்பட வேண்டியது என்றால், நாம் இதுவரை அள்ளிப் பார்த்திருப்பது ஒரு சிறு நீச்சல்குளத்தின் அளவு என்பது அவர்கள் கண்ட விடை. அந்த நீரில் மீன் இல்லை என்பதால் கடலில் மீன் இல்லை என்று சொல்ல முடியாது.

அதே ஆண்டில் ஆக்ஸ்ஃபோர்டு ஆய்வாளர் மூவர் எதிர்ப்பக்கத்துக்கும் வலுச் சேர்த்தார்கள் என்பதைச் சொல்லாவிட்டால் நேர்மையாகாது. உயிர் தோன்றும் வாய்ப்பு முதலியவற்றுக்கு ஒரே ஓர் எண்ணைப் பொருத்திக் கணக்கிடுவதை விட்டுவிட்டு, நம் அறியாமையின் முழு விரிவையும் கணக்கில் சேர்த்தால், பால்வீதியில் நாம் தனியாக இருப்பதற்கான வாய்ப்புப் பாதிக்கும் மேல் வருகிறது என்று அவர்கள் காட்டினார்கள். ஆகவே இல்லை என்று எண்ணுவதும் அறிவுக்குப் பொருந்தியதே. ‘தேடியாயிற்று’ என்று சொல்வதுதான் பொருந்தாது.

கேள்வி: 2010-இல் மலேசியப் பெண்மணி ஒருவரை வேற்றுக்கிரகவாசிகளுக்கான தூதராக ஐ.நா. நியமித்தது என்று செய்தி வந்ததே, அது உண்மையா? – பணி ஓய்வு பெற்ற வாசகர், பிரிக்பீல்ட்ஸ்

பதில்: அப்படி ஒரு பதவியும் இல்லை, நியமனமும் இல்லை. செய்தியில் குறிப்பிடப்பட்டவர் வானியற்பியலாளர் டாக்டர் மஸ்லான் ஒத்மான். கோலாலம்பூர் தேசியக் கோளரங்கத்தை உருவாக்கும் பணிக்குத் தலைமை ஏற்றவர். அப்போது வியன்னாவில் உள்ள ஐ.நா. விண்வெளி விவகார அலுவலகத்தின் இயக்குநராக இருந்தார். பிரிட்டன் நாளேடு ஒன்று அந்தச் செய்தியை வெளியிட்டு, உலகமெங்கும் பரவிய சில நாள்களுக்குள் அவரே அதை மறுத்துவிட்டார். உண்மையில் இருப்பது, அனைத்துலக விண்வெளிப் பயணவியல் கழகம் 1989-இல் வகுத்து 2010-இல் திருத்திய நெறிமுறை மட்டுமே. சமிக்ஞை கிடைத்தால் முதலில் பிற ஆய்வுக்கூடங்களின் வழி சரிபார்க்க வேண்டும், பிறகு ஒளிக்காமல் உலகுக்கு அறிவிக்க வேண்டும், நாடுகள் கலந்து பேசாமல் யாரும் பதில் அனுப்பக் கூடாது என்று அது சொல்கிறது. சட்டமாக அது யாரையும் கட்டுப்படுத்தாது என்பதுதான் எனக்குள்ள வருத்தம். பூமியின் பெயரால் பேச முற்படுகிறவர், பூமியில் உள்ளவர்களைக் கேட்டுவிட்டுப் பேச வேண்டும்.

கேள்வி: அவர்கள் நம்மைக் கண்காணித்துக்கொண்டே வேண்டுமென்று ஒளிந்திருக்கலாம் அல்லவா? பறக்கும் தட்டுகளைப் பற்றிய உண்மையை அரசாங்கங்கள் மறைக்கின்றன என்றும் சொல்கிறார்களே? – ஆசிரியை, பாயான் லெப்பாஸ், பினாங்கு

பதில்: ஒளிந்திருக்கிறார்கள் என்ற விளக்கத்துக்கு ஒரு பலவீனம் உண்டு. அத்தனை இனங்களும், அவற்றின் எல்லாத் தலைமுறைகளும், ஒருவர் விடாமல் ஒரே முடிவில் நிற்க வேண்டும். ஒரே ஒரு குழு மீறினாலும் இரகசியம் போய்விடும். மற்றவருக்கு அஞ்சி எல்லாரும் வாய்மூடி இருக்கிறார்கள் என்பதும் எனக்கு ஏற்புடையதாக இல்லை. பூமியின் காற்றில் 200 கோடி ஆண்டுகளுக்கும் மேலாக உயிரினங்கள் வெளியிட்ட ஆக்சிஜன் கலந்திருக்கிறது. நல்ல தொலைநோக்கி வைத்திருக்கும் எவருக்கும், இங்கே உயிர் இருக்கிறது என்பது டைனோசர்களுக்கு முன்பிருந்தே தெரிந்திருக்கும்; வாய்மூடி இருப்பதால் மட்டும் ஒளிந்துகொள்ள முடியாது. பறக்கும் தட்டுகளைப் பொறுத்தவரை, நாசா அமைத்த தனிக் குழு 2023 செப்டம்பரில் அளித்த அறிக்கையில், விளக்கப்படாத காட்சிகள் பூமிக்கு வெளியிலிருந்து வந்தவை என்பதற்குச் சான்று எதுவும் இல்லை என்று கூறியிருக்கிறது.

கேள்வி: நீங்கள் குறிப்பிடும் விண்மீன்களைப் பினாங்கிலிருந்து பிள்ளைகளுக்குக் காட்ட முடியுமா? – பெற்றோர், தெலுக் கும்பார்

பதில்: முடியும்; நீங்கள் தென்கரையில் இருப்பது வசதி. மே மாதக் கடைசி முதல் ஜூலை வரை, இரவு 9 மணியளவில் கடற்பக்கம் தெற்கே பாருங்கள். தென்சிலுவைக்குக் கிழக்கே இரண்டு பிரகாசமான விண்மீன்கள் தெரியும். சிலுவையிலிருந்து தள்ளியிருப்பது ஆல்ஃபா சென்டாரி. அது நகர வெளிச்சத்திலும் மறையாது. வாயேஜர் கணக்கில் சொன்ன புராக்சிமா அதன் துணை, ஆனால் மிகவும் மங்கலானது. அதைப் பார்க்கத் தொலைநோக்கி வேண்டும். டிரேக் முதலில் காது கொடுத்த டௌ செட்டியை டிசம்பரில் இரவு 9 மணிக்கு மேல் காணலாம். அது உச்சிக்குச் சற்றுத் தெற்கே இருக்கும். ஆனால் அதன் ஒளி குறைவு என்பதால், விளக்கு வெளிச்சம் இல்லாத பாலிக் பூலாவ் பக்கம் சென்று, கண் இருளுக்குப் பழகக் கால் மணிநேரம் காத்திருந்து, கைப்பேசியில் உள்ள வான்வரைபடத்தின் துணையோடு தேடினால்தான் பிள்ளைகளுக்கு அகப்படும்.